கருமாதிப் பத்திரிகையின் கடைசி வரி

மாயக்காள் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். அவரைப் பற்றி ஒரு பொய் ஆறு நாள் ஊருக்குள் நடமாடியது. அதை நடமாட விட்டவன் நான். வேறு யாரும் வந்து இதை எழுதப் போவதில்லை.

செல்லூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துக்குள் பாண்டிராஜ் அண்ணனின் அச்சகம் இருக்கிறது. கல்யாணம், காதணி, புதுமனை, கருமாதி என்று சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் பத்திரிகை அங்கேதான் அடிப்பார்கள். மாயக்காள் அக்கா அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். புருஷன் லாரி ஓட்டியவர். மகள் சத்யப்ரியா பால்வாடிக்குப் போகும்போது அவர் இறந்துபோனார். அக்கா காகிதம் மடிக்கிற வேலைக்குத்தான் முதலில் வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண்ணயரும்போது, கம்ப்யூட்டரின் கீபோர்டைப் பார்த்து ஓர் அட்டையில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறார். இப்போது கீபோர்டைக் குனிந்தே பார்க்க மாட்டார்.

ஆனால் அவருடைய கெட்டிக்காரத்தனம் டைப் அடிப்பதில் இல்லை. யார் பெயருக்குப் பிறகு யார் பெயர் வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை ஒருவர் காதணி விழாவுக்கு எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்துவிட்டு, “ரெண்டு மாமன் பேரு இருக்கு. நடு மாமன் பேரு எங்க? மறந்துட்டீகளா, சண்டையா?” என்று கேட்டார்.

“சண்டைதேன்” என்றார் வந்தவர்.

“சண்டைன்னா கடைசியாப் போடுங்க. போடாம விட்டீகன்னா அது அச்சுல நிண்டுபோகும். சண்ட நாளைக்கே தீந்துரும், அச்சு தீராது.”

அந்த மனிதர் யோசித்துவிட்டு நடு மாமன் பெயரைக் கடைசியில் எழுதிக் கொடுத்தார். நான் அப்போது பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அக்காவின் மேசையில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. மஞ்சள் தட்டில் நல்ல காரியப் பத்திரிகைகள். கறுப்புத் தட்டில் சாவுப் பத்திரிகைகள். நல்ல காரியம் எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் கறுப்புத் தட்டைத் தொடுவார். முதல் தாள் அச்சாகி வந்ததும் எழுந்து நின்று, இறந்தவர் பெயரிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிப்பார். பிறகுதான் மற்றவை அச்சாகும். எல்லாம் முடிந்ததும் கையைக் கழுவுவார். கல்யாணப் பத்திரிகையின் மூலைக்கு மஞ்சள் தடவுகிற கிண்ணத்தை அன்றைக்கு மறுபடி தொடமாட்டார்.

நான் அசோக்குமார். ஆனையூரில் வீடு. இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னையில் நாலு வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன். ஒருநாள் முப்பது பேரை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். ஊருக்கு வந்து சும்மா இருந்தவனை, எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவரான பாண்டிராஜ் அண்ணன் கூப்பிட்டு, “அச்சாபீசுக்கு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு குடு மாப்ள. நல்லா வந்துச்சுன்னா திண்டுக்கல், தேனின்னு எல்லா அச்சாபீசுக்கும் குடுப்போம்” என்றார். நானும் பெரிய ஆளாக உட்கார்ந்தேன். சென்னையில் என்னை வேண்டாம் என்றவர்கள் வந்து பார்க்கப் போவதுபோல ஒரு மிதப்பு.

அக்காவுக்கு என்மேல் பிரியம். “தம்பி, சாப்ட்டியா?” என்று கேட்காத நாள் இல்லை. அவர் டிபன் பாக்ஸில் பாதி எனக்குத்தான். நான் அவரைக் கேலி செய்வேன். “என்னக்கா ரெண்டு தட்டு? கம்ப்யூட்டருக்குத் தீட்டெல்லாம் கெடையாது. எல்லாமே பத்திரிகைதான். ஒரே வரிசையில போட்டு ஒரே பட்டன்ல அடிச்சுரலாம்.”

“நீ படிச்சவன், சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்” என்பார்.

அந்த ஒரே வரிசையில்தான் எல்லாம் கெட்டது. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் செய்தது என்ன தப்பு என்று தெரியாவிட்டால், நான் எவ்வளவு அற்பமாக நடந்துகொண்டேன் என்பதும் தெரியாது.

ஜாவா என்கிற மொழியில் அந்த சாஃப்ட்வேரை எழுதினேன். ‘பத்திரிகை’ என்று ஒரு தாய் கிளாஸ், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான மூல வார்ப்பு. அதற்குப் பிள்ளைகளாகக் கல்யாணம், காதணி, புதுமனை. தாயிடம் இருக்கிற வேலைகளெல்லாம் பிள்ளைகளுக்கும் தானாக வந்துவிடும். எந்தப் பிள்ளைக்காவது வேறு மாதிரி வேண்டுமென்றால் அது தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ளலாம். ஓரக் கட்டம் போடுகிற வேலையை அப்படித்தான் எழுதியிருந்தேன். அது ஒவ்வொரு பத்திரிகையும் தனக்குத்தானே செய்துகொள்கிற வேலை. எந்த வரிசையில், எந்தப் பொதுப் பெயரில் நிற்க வைத்தாலும், ‘உன் கட்டம் என்ன?’ என்று கேட்டால் கல்யாணம் பூப்போட்ட கட்டத்தைக் காட்டும்.

கடைசி வரியை மட்டும் வேறு மாதிரி எழுதிவிட்டேன். அப்போது நல்ல காரியம் மட்டும்தான் சாஃப்ட்வேரில் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வரி: ‘தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து விழாவைச் சிறப்பித்து எங்களை மகிழ்விக்க அன்புடன் அழைக்கிறோம்.’ ஒரே வரிக்கு எதற்குத் தனித்தனி வேலை என்று அதன் தலையில் ‘ஸ்டாட்டிக்’ என்று போட்டுவிட்டேன். ஸ்டாட்டிக் என்றால் அந்த வேலை கிளாஸுக்குச் சொந்தம். கையில் இருக்கிற தனிப் பத்திரிகைக்குச் சொந்தமில்லை. கூப்பிடுகிற பெயர் என்ன என்று மட்டும் பார்க்கும். வந்து நிற்பது யார் என்று பார்க்காது.

நாலு மாதம் கழித்துக் கருமாதியையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்தேன். கறுப்புக் கட்டம் எழுதினேன். கடைசி வரியையும் அதே பெயரில் எழுதினேன்: ‘மேற்படி காரியத்தில் கலந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.’ ‘இது தாயின் வேலையை மாற்றி எழுதியது’ என்பதற்கு ஓர் அடையாளக் குறி உண்டு. அதை மேலே போட்டேன். உடனே சிவப்புக் கோடு வந்தது. ஸ்டாட்டிக்கை அப்படி மாற்றி எழுத முடியாது, தாயுடையதும் பிள்ளையுடையதும் தனித்தனியாக நிற்கும் என்று கம்ப்யூட்டர் எனக்குச் சொல்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குறியை அழித்தேன். சிவப்புக் கோடு போய்விட்டது. டீ குடிக்கப் போனேன்.

திரையில் பார்க்கும்போது கருமாதியின் வரி சரியாகவே தெரிந்தது. அங்கே நான் ‘கருமாதி’ என்ற பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருந்தேன். அக்காவும் அதுவரை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்தே அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வைகாசியில்தான் அந்தப் புதிய பட்டனைக் கொடுத்தேன். எல்லாப் பத்திரிகையையும் ‘பத்திரிகை’ என்கிற பொதுப் பெயரில் ஒரே வரிசையில் நிறுத்தி மொத்தமாக அச்சுக்கும் வாட்ஸப்புக்கும் அனுப்புகிற பட்டன். அந்த இடத்தில் எச்சரிக்கையாக மஞ்சள் கோடு ஒன்று வந்தது. மஞ்சள் கோட்டையெல்லாம் யார் பார்த்தார்கள்?

“இனிமே மொதத் தாளப் படிச்சுக்கிட்டு நிக்க வேணாங்க்கா. ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதுதான் தாள்லயும் வரும்” என்று, இரண்டு தட்டுகளையும் மேசையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, நானே அக்காவிடம் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அதே வாரம் சனிக்கிழமை அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் விருமாண்டி மாரடைப்பில் இறந்தார். செக்கானூரணி தாண்டி உள்ளே போனால் அவர்கள் ஊர். அந்த வீட்டுக்கும் அக்காவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் மகன் அழகுபாண்டிக்குச் சத்யப்ரியாவைக் கேட்டார்கள். முறைப் பெண், உரிமை என்று கேட்டார்கள். “பிள்ள படிக்கணும்ங்குது” என்று அக்கா மறுத்துவிட்டார். அன்றைக்கு மூடிய கதவு. மதினி சின்னத்தாய் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணன் மட்டும் மதுரைக்கு வரும்போது அச்சகத்து வாசலில் நின்று, “மாயா” என்று ஒரு குரல் கொடுப்பார். அக்கா ஓடிப்போய் அவருக்குப் பிடித்த சீனிச்சேவு வாங்கிக் கொடுப்பார். இரண்டு பேரும் டீக்கடையில் நின்று பேசிவிட்டுப் பிரிவார்கள்.

சாவு வீட்டில் அக்காவைத் தடுக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. அழுதுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்து திரும்பினார். பத்தாம் நாள் அழகுபாண்டியே போன் செய்து, கருமாதிப் பத்திரிகையை அத்தையே அடித்துக் கொடுக்கட்டும் என்று சொன்னான். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. “கூப்ட்டுட்டான் தம்பி! எங்கண்ணன் செத்தும் எனக்கு வீட்டத் தொறந்து விட்டுருச்சு” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். படையலில் தன் கையால் சீனிச்சேவு வைக்கவேண்டும், மதினியிடம் பேசவேண்டும் என்று இரண்டு நாளாக அதே பேச்சு.

செவ்வாய்க்கிழமை அந்தப் பத்திரிகையை டைப் செய்தார். புதிய பட்டனைக் கொடுத்த பிறகு வந்த முதல் சாவுப் பத்திரிகை அதுதான். அண்ணன் படத்துக்கு மாலை போட்டார். பங்காளிகள் பெயரில் ஒன்றுகூடத் தப்பாமல் வரிசைப்படுத்தினார். திரையில் மூன்று முறை படித்தார். வழக்கம்போல எழுந்து நின்று முதல் தாளைப் பார்க்கப் போனவரை, “அக்கா, அதான் சொன்னேன்ல?” என்று நான் தடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். பத்திரிகை வாட்ஸப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனது. அச்சடித்த கட்டு மூன்று மணி பஸ்ஸில் ஊருக்குப் போனது.

சாயங்காலம் அழகுபாண்டி இரண்டு பங்காளிகளோடு வந்து இறங்கினான். ஜேசிபி ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள். பத்திரிகைக் கட்டை அக்காவின் மேசையில் போட்டான்.

“அத்தே, எங்கப்பன் செத்தது ஒங்களுக்கு விழாவா? ஊரு பூராம் போனப் போட்டுச் சிரிக்கிறாய்ங்க!”

நான் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் கறுப்புக் கட்டம். நடுவில் மாலையோடு விருமாண்டி. அடியில், ‘தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து விழாவைச் சிறப்பித்து எங்களை மகிழ்விக்க அன்புடன் அழைக்கிறோம்.’

கட்டம் கறுப்பு, வரி கல்யாண வரி. பார்த்த அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது.

“நான் அப்பிடி அடிக்கலப்பா. ஸ்கிரீன்ல சரியாத்தேன் இருந்துச்சு, மூணு தடவ படிச்சேன்” என்றார் அக்கா.

“பொண்ணு குடுக்காதப்பவே தெரியும் ஒங்க மனசு. செத்தவரு மேலயுமா வஞ்சம் வப்பீக?”

பாண்டிராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். “அசோக்கு, மிசின்ல எதுவும் கோளாறு இருக்குமா?”

அந்த வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் அச்சகக்காரர்கள் என் சாஃப்ட்வேரைப் பார்க்க வருவதாக இருந்தது. அது ஒரு காரணம். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். பயந்தேன், அவ்வளவுதான். அந்த மூன்று பேருக்கும் முன்னால் ‘நான்தான்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“டைப் பண்ணதத்தானே அண்ணே அது அடிக்கும்” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற பார்வை அது.

“ஞாயித்துக்கெழம ஊருப்பக்கம் வந்துராதீக” என்று சொல்லிவிட்டு அழகுபாண்டி வாசலுக்குப் போனான். பாண்டிராஜ் அண்ணன் பின்னாலேயே போய், உடனே சரியாக அடித்துத் தருவதாகக் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவை நாலு நாள் வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பினார். எல்லாரும் வெளியே நின்றபோது நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு இடத்தில் ஸ்டாட்டிக் என்ற சொல்லை அழித்தேன். அவ்வளவுதான் வேலை. அக்கா டைப் செய்து வைத்திருந்த அதே பைலைத் திறந்து, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அதே பட்டனை அழுத்தினேன். வரி சரியாக வந்தது. புதுப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுபோய் அழகுபாண்டியிடம் கொடுத்தேன். அவன் எனக்கு நன்றி சொன்னான்.

மறுநாள் புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. அச்சகத்திலிருந்து நாலு சந்து தள்ளி ஒற்றை அறை வீடு. அக்கா தரையில் உட்கார்ந்து, அந்தத் தப்புப் பத்திரிகையை முன்னால் வைத்துக்கொண்டு, பழைய கீபோர்டு அட்டையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் எழுந்து பாயை விரித்தார்.

“தம்பி, நீ படிச்சவன், கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. என் மனசுல இருந்த கோவம் எனக்கே தெரியாமக் கையில எறங்கிருக்குமோ? மதினி மேல எனக்குக் கோவம் இருந்துச்சு, இல்லங்கல. கண்ணு ஒண்ணப் படிக்க, கையி ஒண்ண அடிக்குமா? அப்பிடி நடக்குமா?”

இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்குமா? ‘இல்லக்கா, நான்தான்’ என்று சொல்ல இரண்டே சொல் போதும். நான் சொன்னது இது:

“டயர்டா இருந்தா நடக்கும்க்கா. மனுசன்னா தப்பு வராமலா? விடுங்க.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, பிறகு சொல்லிக்கொள்ளலாம், இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து பார்த்தார்கள். எல்லாப் பத்திரிகையும் ஒழுங்காக வந்தது. கைகொடுத்தார்கள். சனிக்கிழமை வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் போய் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுத்திருந்தார்கள். வாயில் வைத்தால் இறங்கவில்லை. ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு செக்கானூரணிப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் அக்கா அச்சகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. தன் மேசைச் சாவியைப் பாண்டிராஜ் அண்ணன் முன்னால் வைத்தார்.

“வேற ஆளப் போட்டுக்கங்கண்ணே. என் கையி கெட்டுப்போச்சு.”

அண்ணன் பதறி என்ன ஏது என்று கேட்டார். நேற்று நடந்ததை அக்கா சொன்னார். வரக்கூடாது என்று சொல்லியும் மனசு கேட்காமல் சீனிச்சேவை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார். வாசலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. மதினி காலடியில் விழுந்து, “நாந்தேன் மதினி தப்பா அடிச்சுட்டேன். கோவத்துல கை மாறிப் போச்சு, மன்னிச்சிரு” என்று சொல்லியிருக்கிறார். அதுவரை மாயக்காள் தெரிந்து செய்திருக்காது என்று பேசிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்ட பிறகு யார் என்ன பேசமுடியும்? படையலுக்குப் பக்கத்தில் விடவில்லை. பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

செய்யாத தப்பை அவர் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“அண்ணே, அது அக்கா செஞ்சது இல்ல. என் சாஃப்ட்வேர்ல தப்பு.”

பழைய சாஃப்ட்வேரை எடுத்து ஓட்டிக் காட்டினேன். திரையில் சரியாக இருந்த வரி தாளில் விழாவாக வந்தது. அக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

“அப்ப நான் அடிக்கலயா?”

“இல்லக்கா.”

பாண்டிராஜ் அண்ணன் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. “இது ஒனக்கு எப்பத் தெரியும்?” என்று கடைசியில் கேட்டார்.

“நேத்துச் சோதிச்சுப் பாத்தப்பத்தாண்ணே தெரிஞ்சது” என்றேன். பாருங்கள், அந்த நிலையிலும் பொய். உண்மையைப் பாதி சொன்னவன் மீதியை ஒளித்து வைத்துக்கொண்டேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “இப்பவாச்சும் சொன்னியே தம்பி. எங்கூட வந்து மதினிகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு, போதும்” என்றார். இரண்டு பேரும் ஆரப்பாளையம் போய் பஸ் ஏறினோம். அக்காவின் மடியில் அதே சீனிச்சேவுப் பொட்டலம். பாதி வழியில் அதைப் பிரித்து என்னிடம் நீட்டினார். “அண்ணனுக்குத்தேன் போய்ச் சேரல. காலைல சாப்பிட்ருக்க மாட்ட, நீயாவது தின்னு.” நான் தின்றேன். நினைத்தால் இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

விருமாண்டி வீட்டு வாசலில் பந்தல் பிரித்த குழிகள் அப்படியே இருந்தன. சின்னத்தாய் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அழகுபாண்டி மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார். நான் முன்னால் போய்ச் சொன்னேன். கிளாஸ், மெத்தட் என்று ஆரம்பித்து, அது விளங்காது என்று நிறுத்தி, “எல்லாப் பத்திரிகைக்கும் பொதுவான வரிய அது எடுத்துப் போட்ருச்சு. கருமாதிக்குன்னு இருந்த வரியப் பாக்காம விட்ருச்சு. அப்பிடி எழுதுனவன் நான். அத்தை டைப் பண்ணது சரியாத்தான் இருந்துச்சு” என்றேன்.

அழகுபாண்டி கையைத் துடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனான். சாவுப் பத்திரிகையை வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். கொட்டகைக் கூரையில் செருகியிருந்த இரண்டு தாள்களை உருவிக்கொண்டு வந்தான். ஒன்று தப்பாக வந்தது. இன்னொன்று அன்றைக்குச் சாயங்காலமே நான் அடித்துக் கொடுத்தது.

“இது செவ்வாக்கெழம குடுத்தது. சரியா இருக்கு. அத்தைய அனுப்பிச்சாச்சு, அப்ப இதத் திரும்ப யாரு டைப் பண்ணா?”

“யாரும் பண்ணல. அதே பைல்தான்.”

“அதே பைலு, அதே மிசினு. நடுவுல அரை மணி நேரம். அப்ப மிசினத் திருத்துனது யாரு?”

ஜேசிபி ஓட்டுகிறவன் கேட்டான். நான் சென்னையில் நாலு வருடம் குப்பை கொட்டியவன்.

“நான்தான்.”

“அப்ப செவ்வாக்கெழமயே தெரியும்.”

“தெரியும்.”

“காரியம் ஞாயித்துக்கெழம நடந்துச்சு” என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

பின்னால் நின்ற அக்காவின் குரல் கேட்டது. “தம்பி. புதன்கெழம எங்க வீட்டுக்கு வந்தியே. அப்பவும் தெரியுமா?”

நான் திரும்பவில்லை. “தெரியும்க்கா.”

யாராவது ஓங்கி அறைந்திருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருப்பேன். யாரும் அடிக்கவில்லை. சின்னத்தாய் மெதுவாக எழுந்து வந்து, என்னைத் தாண்டிப் போய், அக்காவின் கையைப் பிடித்தார். “நீ உள்ள வா. அவரு படத்துக்கிட்ட வா” என்று கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இரண்டு பேரும் அழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லி அக்கா அழுதார். படையல் முடிந்து, இலையை எடுத்து, வீட்டைக் கழுவிவிட்டு ஒருநாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் இன்னொரு தடவை வராது. நான் பந்தல் குழிக்குப் பக்கத்தில் நின்று அந்த அழுகையை முழுக்கக் கேட்டேன்.

அழகுபாண்டி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “அடுத்த பஸ்ஸு மூணு மணிக்கு” என்றான்.

அக்கா மறு வாரமே வேலைக்கு வந்துவிட்டார். பாண்டிராஜ் அண்ணனே வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துக் கூட்டிவந்தார். என்னையும் அண்ணன் துரத்தவில்லை. துரத்தியிருக்கலாம். இரண்டு தட்டுகளும் மேசைக்குத் திரும்பிவிட்டன. கருமாதிப் பத்திரிகை எப்போதும்போலக் கடைசியாகத்தான் அச்சாகிறது. முதல் தாளை அக்கா எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்கிறார். அப்போது நானும் எழுந்து நிற்கிறேன். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வரியையும் தோண்டிப் பார்த்து, பிள்ளைக்கென்று தனியாக வேண்டிய எல்லாவற்றையும் பிள்ளையிடமே கொடுத்தாயிற்று. அன்றைக்கு நான் அழித்த அந்தக் குறியும் எல்லா இடத்திலும் ஏறிவிட்டது. இப்போது எந்த வரிசையில் நிறுத்தினாலும் கருமாதி தன்னுடைய வரியைத்தான் சொல்கிறது.

அக்கா என்மேல் கோபமாக இல்லை. வேலையில் ஏதாவது சந்தேகம் வந்தால் என் மேசைக்கு வந்து கேட்கிறார். முகம் கொடுத்துத்தான் பேசுகிறார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் தன் மேசையிலேயே திறந்துகொள்கிறார்.

“சார், இதக் கொஞ்சம் பாருங்க” என்கிறார். தம்பி என்று இப்போது கூப்பிடுவதில்லை.